புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் திறந்த அணுக்க நூல்கள்

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் திறந்த அணுக்க நூல்கள் என்பன, புதுச்சேரி நகரில் 1955 முதல் இயங்கிவரும் அந்நிறுவனம் வெளியிட்ட ஆய்வு நூல்களில், இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கும் வகையில் வைக்கப்பட்டுள்ளவற்றைக் குறிக்கும். இந்தியவியல், சூழலியல், சமூக அறிவியல் ஆகிய துறைகளைச் சார்ந்த இந்நூல்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டவை. இவற்றுட் பல, பிரான்சின் ஓப்பன்எடிசன் புக்ஸ் தளத்திலும் ஆல் என்னும் ஆய்வுக் களஞ்சியத்திலும் கிடைக்கின்றன. படிப்பவர் பணம் செலுத்தாவிடினும் நூலை உருவாக்கிக் காப்பதற்குச் செலவு உண்டு. அச்செலவின் ஒரு பகுதியைக் கல்விசார் நூலகங்கள் ஏற்பதே இம்முறையின் அடிப்படை ஆகும்.

பின்னணி

புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. கையளிப்பு உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. ஆட்சி நீங்கினாலும் பண்பாட்டு உறவு தொடரவேண்டும் என்ற இணக்கத்தின் விளைவாக 1955 மார்ச் 21 அன்று இந்நிறுவனம் திறந்துவைக்கப்பட்டது. முதல் இயக்குநர் சான் ஃபிலியோசா (1906–1982). கண் மருத்துவராகப் பயின்று பின்னர் வடமொழி, தமிழ் ஆகியவற்றின் ஆய்வுக்குத் திரும்பியவர் இவர். நிறுவனம் இன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சகத்தையும் அந்நாட்டின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தையும் சார்ந்து இயங்குகிறது. கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில் அதன் கட்டடம் அமைந்துள்ளது.

நிறுவனத்தின் நூல் வரிசை 1956இல் தொடங்கியது. வரிசையின் முதல் எண் பெற்ற நூல் காரைக்கால் அம்மையாரின் பாடல்களை மூலத்துடனும் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடனும் தந்த பதிப்பு ஆகும். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த ஊரொன்றின் தமிழ்ப் புலவரைக் கொண்டு வரிசையைத் தொடங்கியது பொருத்தமானதே. இதன்பின் என். ஆர். பட் பதிப்பித்த சைவ ஆகமங்கள், பிரான்சுவா குரோவின் பரிபாடல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு (1968), தி. வே. கோபாலையரும் குரோவும் இணைந்து பதிப்பித்த தேவாரம் (1984–1991) முதலியன வெளிவந்தன. இந்தியவியல் நூல்கள் பிற்காலத்தில் பிரெஞ்சுத் தூரகிழக்குப் பள்ளியின் புதுச்சேரி மையத்துடன் இணைந்து வெளியிடப்பட்டு வருகின்றன.

நிறுவனத்தின் நூலகம் அச்சு நூல்களோடு நின்றுவிடவில்லை. இங்கும் தூரகிழக்குப் பள்ளியின் மையத்திலும் உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகள் 2005ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஓலைகளிலிருந்து தேவநாகரி எழுத்தில் தாளிற் படியெடுக்கப்பட்ட ஆகமப் படிகள் எண்ணிமப் படங்களாக்கப்பட்டு, முக்தபோதா இந்தியவியல் ஆய்வு நிறுவனத்தின் எண்ணிம நூலகம் வழியாக இணையத்தில் கிடைக்கின்றன. திறந்த அணுக்கம் என்ற சொல் பரவலாவதற்கு முன்பே இத்தகைய பகிர்வு இங்கு வழக்கில் இருந்தது என்பதற்கு இதனைச் சான்றாகக் கூறலாம்.

அச்சு நூலின் சிக்கல்

ஆய்வு நூல்கள் உலகெங்கும் சில நூறு படிகளே அச்சிடப்படுகின்றன. அப்படிகளை வாங்குவோர் பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகங்களே. நூலகங்களின் நிதியை ஆய்விதழ்களின் சந்தா விழுங்கத் தொடங்கிய 1980களுக்குப் பின் நூல் வாங்கும் தொகை சுருங்கியது. தொகை சுருங்க விற்பனை குறைந்தது, விற்பனை குறைய விலை ஏறியது, விலை ஏற விற்பனை மேலும் குறைந்தது. இச்சுழலில் முதலிற் சிக்கியவர் எந்த நூலகத்தையும் சாராத வாசகர் ஆவார்.

புதுச்சேரியைப் பொறுத்தவரை இதற்கு ஒரு தனி முகம் உண்டு. அசித் கே. நியோகி எழுதிய பிரெஞ்சு இந்திய விடுதலை பற்றிய ஆங்கில நூலை இந்நிறுவனம் 1997இல் வெளியிட்டது. 1947 முதல் 1954 வரை புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளிலும் நிகழ்ந்த போராட்டத்தையும் இரு அரசுகளுக்கிடையே நடந்த பேச்சுகளையும் அது விவரிக்கிறது. அப்போராட்டத்தில் ஈடுபட்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவ்வூர்களில் வாழ்கின்றனர். ஏனாம் ஆந்திரக் கடற்கரையிலும் மாகே கேரளக் கடற்கரையிலும் உள்ளன. தம் ஊரின் வரலாற்றை அறிய அங்கிருந்து ஒருவர் புதுச்சேரி வரவேண்டியிருந்த நிலை, நூல் ஓப்பன்எடிசன் தளத்தில் ஏறியதும் மாறியது. இந்நூலை மட்டும் கொண்டே திறந்த அணுக்கத்தின் பயனை விளக்கிவிடலாம்.

காடுகள் பற்றிய நூல்களிலும் இதே நிலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறா மழைக்காடுகளைப் பற்றி சான்-பியேர் பசுக்கால் எழுதிய நூல் 1984இல் பிரெஞ்சிலும் 1988இல் ஆங்கிலத்திலும் வந்தது. இன்றும் அக்காடுகளை ஆய்வோர் தொடங்குமிடம் அதுவே. அதன் ஆங்கிலப் பதிப்பு ஆல் களஞ்சியத்திலிருந்து முழுமையாகப் பதிவிறக்கத்தக்கது. ஆல் 2001 முதல் பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தால் நடத்தப்படுவது. அதில் ஆய்வாளர்களே தம் ஆக்கங்களை இடலாம், நிறுவன நூலகங்கள் அவற்றின் விவரக்குறிப்புகளைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தலாம்.

ஓப்பன்எடிசன் முறை

ஓப்பன்எடிசன், பிரான்சின் மார்சேய் நகரைத் தளமாகக் கொண்ட பொதுத்துறை எண்ணிம வெளியீட்டு அமைப்பு ஆகும். 1999இல் ஆய்விதழ்களுக்கான ஒரு தளமாகத் தொடங்கி, 2013இல் நூல்களுக்கான பிரிவைத் திறந்தது. பல்கலைக்கழக அச்சகங்களும் ஆய்வு நிறுவனங்களும் இதில் வெளியீட்டாளர்களாக இணைகின்றன. அவற்றுள் புதுச்சேரி நிறுவனமும் ஒன்று.

இதன் நிதி முறை இலவசத்தையும் கட்டணத்தையும் கலந்தது. திறந்த அணுக்கத்தில் உள்ள நூலை எச்டிஎம்எல் வடிவில், அதாவது உலாவியிற் படிக்கும் வலைப்பக்கமாக, உலகில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். அதே நூலின் பிடிஎஃப், ஈபப் கோப்புகளைப் பதிவிறக்கும் வசதி, சந்தா செலுத்தும் நூலகங்களின் பயனர்களுக்கு உரியது. சந்தா செலுத்தும் நூலகத்துக்குப் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களும் நூற்பட்டியலில் சேர்ப்பதற்கான விவரக்குறிப்புகளும் கிடைக்கும. சந்தா வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியீட்டாளர்களுக்கும் எஞ்சியது தளத்தின் வளர்ச்சிக்கும் செல்கிறது.

இங்கு நூலகம் வாங்குவது நூலை அன்று. நூல் ஏற்கெனவே அனைவருக்கும் திறந்திருக்கிறது. நூலகம் வாங்குவது வசதிகளை. அதன்மூலம், தன் பயனர் அல்லாதோரும் படிப்பதற்கான செலவைத் தாங்குகிறது. பாரிசில் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகம் செலுத்தும் சந்தாவினால் காரைக்காலில் உள்ள ஒரு ஆசிரியர் படிக்கிறார். நூலகத்தின் கடமை தன் சுவர்களுக்குள் முடிகிறது என்று கருதும் நிதி அலுவலருக்கு இதனை விளக்குவது எளிதன்று.

இம்முறையில் குறையும் உண்டு. பதிவிறக்க வசதியே கட்டணத்துக்கு உரியதாக இருப்பதால், இணைய இணைப்பு சீராக இல்லாதவருக்கு இது இடையூறு. அகலப்பாட்டை உள்ள மேற்கத்திய வாசகருக்கு வலைப்பக்கத்துக்கும் பிடிஎஃப் கோப்புக்கும் வேறுபாடு சிறிது. மின்வெட்டும் விட்டுவிட்டு வரும் கைபேசி இணைப்பும் உள்ள இடத்தில், கோப்பாகச் சேமித்துக்கொள்வதே வாசிப்பு. எனவே முறையை வகுத்தோர் இலவசமாக விட்டது எதை, விலையிட்டது எதை என்பதில் அவர்தம் நாட்டின் சூழல் தெரிகிறது. ஆயினும் எச்டிஎம்எல் வடிவுக்கே உரிய நன்மைகளை மறுக்க இயலாது. திரைபடிப்பான் கொண்டு பார்வையற்றோர் கேட்கலாம், சிறிய திரையில் வரிகள் மடங்கும், தேடுபொறிகள் ஒவ்வொரு பந்தியையும் அட்டவணைப்படுத்தும். வருடிய பக்கங்களைப் படங்களாகக் கொண்ட பிடிஎஃப் கோப்பில் இவை இரா.

தொழில்நுட்ப நோக்கில் நூல்கள் டிஇஐ எனப்படும் எக்சுஎம்எல் குறிமொழியில் சேமிக்கப்படுகின்றன. தளத்தை இயக்கும் லோடல் என்னும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் கட்டற்ற மென்பொருள் ஆகும். பழைய அச்சு நூல்களை வருடி, ஒளிவழி எழுத்துணரியால் உரையாக்கி, அடிக்குறிப்புகளை உரிய இடத்துடன் இணைத்து ஏற்றுவது பெரும் உழைப்பு. வலைப்பக்கத்தில் பக்க எண் பொருளற்றுப் போவதால், ஒவ்வொரு பந்திக்கும் ஓரத்தில் எண் இடப்பட்டுள்ளது. கலைக்களஞ்சியக் கட்டுரைகளில் சான்று காட்டுவோருக்கு இந்த எண் மிகவும் உதவும்.

கணினித் தேவாரம்

நிறுவனத்தின் எண்ணிம நூல்களில் தமிழ் வாசகருக்கு நெருக்கமானது கணினித் தேவாரம் ஆகும். 2007இல் சான்-லூக் செவியார், எசு. ஏ. எசு. சர்மா ஆகியோர் இதனை நிறுவனமும் தூரகிழக்குப் பள்ளியும் இணைந்து வெளியிடும் இந்தியவியல் வரிசையில் ஒரு குறுவட்டாக வெளியிட்டனர். தேவாரத்தின் தமிழ் மூலம், வி. எம். சுப்பிரமணிய ஐயர் விட்டுச்சென்ற முழுமையான ஆங்கிலப் பொருளுரை, ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கு வருகிறது என்பதைக் காட்டும் மீயிணைப்புச் சொல்லடைவு ஆகியன இதில் அடங்கும். பாடல் பெற்ற தலங்களைக் காட்டும் நிலப்படங்களும் உண்டு.

இவ்வாக்கம் பின்னர் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாக வைக்கப்பட்டது. குறுவட்டுப் படிப்பான்கள் கணினிகளிலிருந்து மறைந்துவிட்ட இக்காலத்தில், குறுவட்டை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்த நூலகத்தினர் அதனைத் திறக்க வழி தேடவேண்டும். சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாக ஆக்கப்பட்டிருந்ததால்தான் அது இணையத்துக்கு எளிதில் இடம்பெயர முடிந்தது. அக்காலத்தில் வெளிவந்த பல தமிழ்க் குறுவட்டுகள் தமக்கெனத் தனி எழுத்துருவும் தனி நிரலும் கொண்டிருந்தமையால் இயக்குதளம் மாறியதும் படிக்க இயலாதனவாயின. திறந்த வடிவம் இன்றித் திறந்த அணுக்கம் நீடிக்காது என்பது மென்பொருளாளர் அனைவரும் அறிந்ததே.

நூற்பட்டியலும் எழுத்துப்பெயர்ப்பும்

இலவசமாக உள்ள நூல் கண்டுபிடிக்கப்படாவிடின் பயனில்லை. நூலகங்கள் பணமின்றியே ஆற்றக்கூடிய பெரிய உதவி இவ்விடத்தில் உள்ளது. ஓப்பன்எடிசன், நெதர்லாந்தைச் சேர்ந்த ஓஏப்பென் அறக்கட்டளை ஆகியன இணைந்து நடத்தும் திறந்த அணுக்க நூல்களின் அடைவு 2012இல் தொடங்கப்பட்டது. அடைவின் விவரக்குறிப்புகள் எவ்விதக் கட்டுப்பாடும் இன்றி எவரும் எடுத்தாளத்தக்கவை. இந்திய நூலகங்களில் பரவலாகப் பயன்படும் கோகா என்னும் கட்டற்ற நூலக மென்பொருளில் இவற்றை மொத்தமாக இறக்குமதி செய்யலாம். செய்தபின், நூலகத்தின் கணினியில் ஒரு தலைப்பைத் தேடும் மாணவருக்கு அலமாரியில் உள்ள நூலுடன் இணையத்தில் உள்ளதும் ஒரே பட்டியலில் தோன்றும்.

தமிழ்சார் நூல்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஐரோப்பிய ஆய்வாளர் தமிழ்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் மேற்குறி, கீழ்க்குறி இட்டு எழுதுவர். தேவாரம் என்ற சொல்லில் நெடில்கள் இரண்டின்மேலும் கோடு வரும். ஆங்கில வழக்கில் கோடின்றி எழுதுவர். 1956இல் வந்த முதல் நூலிலோ ஐகாரம் பிரெஞ்சு ஒலிப்புக்கேற்பப் பிறிதொரு முறையில் எழுதப்பட்டது, எனவே இன்றைய முறையில் காரைக்கால் அம்மையாரைத் தேடுபவர் அந்நூலைக் காணத் தவறலாம். கோடிட்ட எழுத்து ஒருங்குறியில் இருவகையாகவும் அமையும்: ஒரே குறியீடாக அல்லது எழுத்தும் கோடும் தனித்தனிக் குறியீடுகளாக. தேடற்பொறி இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்படி அமைக்கப்படாவிடின், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு சொற்களும் கணினிக்கு வேறாகிவிடும். தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்து தேடுபவருக்கோ எதுவும் கிடைக்காது.

இதற்குத் தீர்வு ஒவ்வொரு நூலின் விவரக்குறிப்பிலும் தமிழ் எழுத்து வடிவத்தை இணைத் தலைப்பாகச் சேர்ப்பதாகும். நூலகத் துறையின் மார்க் வடிவம் இதற்கு இடமளிக்கிறது. தமிழ் அறிந்த நூலகர் செய்யவேண்டிய வேலை இது. மார்சேயில் உள்ளவரிடம் எதிர்பார்க்க இயலாது.

பிற நாடுகளின் முறைகள்

நூலகங்கள் கூடிச் செலவைப் பகிர்வதில் வேறு வழிகளும் முயலப்பட்டுள்ளன. இலண்டனில் பிரான்செசு பிண்டர் 2012இல் தொடங்கிய நாலெட்ச் அன்லாட்ச்டு, 2013–14இல் 28 நூல்களைக் கொண்டு ஒரு முன்னோட்டம் நடத்தியது. ஏறத்தாழ 300 நூலகங்கள் சிறு தொகை அளித்து அந்நூல்களைத் திறந்தன.  பொதுநலன் நோக்கித் தோன்றிய இவ்வமைப்பு 2021 டிசம்பரில் வைலி என்ற வணிகப் பதிப்பகத்தால் வாங்கப்பட்டமை நூலகர் பலருக்கு ஏமாற்றமாக அமைந்தது. அமெரிக்காவின் எம்ஐடி அச்சகம் 2021இல் அறிவித்த திட்டத்தில், போதிய நூலகங்கள் பங்களித்தால் அவ்வாண்டின் ஆய்வு நூல்கள் திறக்கப்படும்.

நூலாசிரியரோ அவர்தம் நிறுவனமோ நூலொன்றுக்குப் பல ஆயிரம் யூரோ செலுத்தித் திறக்கும் முறையும் உள்ளது. இந்தியச் சமூக அறிவியல், மொழியியல் ஆய்வாளர்களுக்கு இது பெரும்பாலும் எட்டாத தொகை. ஆகவே வாசிக்கத் தடையில்லாத உலகில் எழுதத் தடை உண்டாகும் இடர் இம்முறையில் உள்ளது.

இந்தியாவில் நிலை

இந்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுசார் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு இது அளிக்கிறது. இது இதழ்களுக்கான திட்டம், அதுவும் சந்தா. நிறுவனத்தைச் சாராதவருக்கு இதனால் கதவு திறப்பதில்லை. வரலாறு, இலக்கியம், மானிடவியல் ஆகிய துறைகளில் முதன்மையான ஆய்வு நூலாகவே வெளிவருவதால் இத்துறைகளுக்கு இதன் பயன் குறைவு.

1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் மைய நூலகம் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் தாங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறையைத் தொடர்ந்து உருவான சோத்கங்கா களஞ்சியத்தில் இப்பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் இடம்பெறுகின்றன. ஆய்வேடு நூலாகும்போது பதிப்பகத்தின் கைக்குச் சென்று மூடிக்கொள்வது வழமை. எனவே ஆய்வேட்டின் திறந்த படி இருப்பது பயனுடையது.

தமிழருக்குத் திறந்த அணுக்கம் முற்றிலும் புதிதன்று. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரின் படைப்புரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. தமிழக அரசு அதன்பின் பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியுள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் ஈழத்து நூல்களுக்கான நூலகம் திட்டமும் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தவை. ஆனால் இவை பெரும்பாலும் ஏற்கெனவே வெளிவந்த பழைய ஆக்கங்களைத் திறப்பவை. புதிதாக எழுதப்படும் தமிழ் ஆய்வு நூலொன்றைச் செம்மைப்படுத்தி, மதிப்பீடு செய்து, முதல் நாளிலேயே திறந்து வெளியிட நூலகங்கள் கூடி நிதியளிக்கும் அமைப்புக்குத் தமிழில் தேவை உள்ளது.

உரிமம்

இலவசமாகப் படிக்க இயலும் நூல்கள் யாவும் கட்டற்ற உரிமம் உடையன அல்ல. ஓப்பன்எடிசன் தளத்தில் சில நூல்கள் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் உள்ளன. வேறு பலவற்றில் வாசிக்கவும் மேற்கோள் காட்டவும் மட்டுமே இசைவு உண்டு, பிற உரிமைகள் ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ உள்ளன. பழைய நூல்களில் இது பெரும்பாலும் தவிர்க்க இயலாதது. பல ஆண்டுகளுக்கு முன் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இணையம் பற்றி ஒரு சொல்லும் இராது. ஆசிரியரோ அவர்தம் வாரிசோ புதிதாக இசைவளிக்க வேண்டும். எனவே இந்நூல்களிலிருந்து பந்திகளையோ நிலப்படங்களையோ ஒளிப்படங்களையோ கலைக்களஞ்சியத்தில் பயன்படுத்துமுன், குறிப்பிட்ட நூலின் பக்கத்தில் தரப்பட்டுள்ள உரிமக் குறிப்பைப் பார்க்கவேண்டும். தமிழில் மொழிபெயர்ப்பதற்கும் இது பொருந்தும்.